அவுட் பாராமீட்டர் ப்ரொசீஜரை வேறு மொழிக்கு மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சில ப்ரொசீஜர்கள் விடையை ரிட்டர்ன் செய்யாமல், அழைத்தவர் கொடுத்த மாறியிலேயே எழுதிவிட்டுப் போகும். அப்படி விடையைக் கொண்டுவரும் பாராமீட்டரே அவுட் பாராமீட்டர். பாஸ்கல், அடா, ஃபோர்ட்ரான், சி, பிஎல்/எஸ்கியூஎல் (ஆரக்கிள் டேட்டாபேஸின் மொழி) ஆகியவற்றில் இது அன்றாட வழக்கம். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் இந்த வசதியே கிடையாது. சி ஷார்ப்பிலும் ஸ்விஃப்ட்டிலும் இருக்கிறது, ஆனால் நடத்தை வேறு. அதனால்தான் இந்த மாற்றத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் கம்பைலரிடம் சிக்குவதில்லை. நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும்.

உங்களுக்குத் தெரியும் அறிகுறியை கீழே தேடிப் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் காரணங்கள் எளிதில் சரிசெய்யக்கூடியதிலிருந்து அதிக உழைப்பு கேட்பது வரை வரிசையாக இருக்கின்றன. அதற்கு முன் எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் திருத்தத் தொடங்கினால் ஒரே இடத்தைப் பலமுறை சுற்றிவர நேரும்.

## முதலில்: இரண்டு காவல் மதிப்புகள்

இந்தச் சோதனையை மாற்றிய நிரலில் செய்யாதீர்கள், மூல மொழியில் இருக்கும் பழைய நிரலில் செய்யுங்கள். ப்ரொசீஜரை அழைப்பதற்கு முன் ஒவ்வொரு அவுட் மாறியிலும் −999 போன்ற, உண்மையில் வரவே வாய்ப்பில்லாத மதிப்பை இட்டு ஓட்டி, விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே உள்ளீட்டோடு, இந்த முறை 777 இட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

இரண்டு ஓட்டத்திலும் ஒரே விடை வந்தால், அந்த உள்ளீட்டைப் பொறுத்தவரை அது உண்மையான அவுட். முதல் ஓட்டத்தில் −999, இரண்டாவதில் 777 என்று இட்டது இட்டபடியே திரும்பினால், அந்தப் பாதையில் ப்ரொசீஜர் அதில் எழுதவே இல்லை. இட்ட மதிப்புக்கு ஏற்ப விடை மாறினால், ப்ரொசீஜர் பழைய மதிப்பைப் படிக்கிறது என்று பொருள். பெயர் என்னவாக இருந்தாலும் அது உள்ளே போய் வெளியே வரும் மாறி, அதாவது இன்-அவுட்.

நிரலில் எத்தனை கிளை உண்டோ அத்தனைக்கும் ஓர் உள்ளீடு வேண்டும். குறிப்பாகப் பிழைக் கிளை, வெற்றுப் பட்டியல் வரும் கிளை, தேடியது கிடைக்காத கிளை. ஒழுங்கான உள்ளீட்டை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாமே அவுட் போலத்தான் தோன்றும். பிஎல்/எஸ்கியூஎல் அவுட் பாராமீட்டர் உள்ளே நுழையும்போதே வெறுமை, அதாவது நல் ஆகிவிடும். அங்கே காவல் மதிப்பு திரும்பி வராது. எழுதாத பாதையில் நல் வரும்.

ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: அவுட்டா, இன்-அவுட்டா, எழுதாமல் விடும் கிளை எது, தோல்வியில் என்ன மதிப்பு. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தத் தாளே விடை சொல்லிவிடும்.

## அறிகுறி: ப்ரொசீஜர் ஓடுகிறது, ஆனால் அழைத்த இடத்தில் மதிப்பு மாறவில்லை

அதிகம் வருவது இதுதான். ப்ரொசீஜரின் கடைசி வரியிலும், அழைத்த இடத்தில் அடுத்த வரியிலும் அந்த மாறியை அச்சிட்டுப் பாருங்கள்.

### உள்ளே சரியான மதிப்பு, வெளியே பழைய மதிப்பு

அழைக்கும் வரியில் ஒரு குறி விடுபட்டிருக்கலாம். டி-எஸ்கியூஎல்லில் (மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் மொழி) அவுட்புட் என்ற சொல்லை ப்ரொசீஜரின் வரையறையிலும் எழுத வேண்டும், எக்ஸிகியூட் செய்யும் வரியிலும் எழுத வேண்டும். வரையறையில் எழுதிவிட்டு அழைப்பில் விட்டுவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மதிப்பு திரும்பாது, அவ்வளவுதான். பிஎச்பியில் நேர்மாறு: & குறி வரையறையில்தான் இருக்க வேண்டும். அழைப்பில் அதை இடும் பழைய வழக்கத்தை 5.4 பதிப்பில் நீக்கிவிட்டார்கள்.

விபிஏவில் அடைப்புக்குறி. கால் என்ற சொல் இல்லாமல், ப்ரொசீஜர் பெயரை அடுத்து ஒற்றை மாறியை அடைப்புக்குறிக்குள் இட்டால், விபிஏ அதை ஒரு கோவையாகக் கணக்கிட்டு அதன் நகலை அனுப்புகிறது. மதிப்பு திரும்பாது. அடைப்பை நீக்குங்கள், அல்லது கால் என்று தொடங்குங்கள்.

முன்னிருப்பு மாறியிருக்கலாம். பழைய விஷுவல் பேசிக் 6-லும் விபிஏவிலும் எதுவும் குறிப்பிடாத பாராமீட்டர் பைரெஃப், அதாவது அழைத்தவரின் மாறியே போகும். விபி டாட் நெட்டில் அதுவே பைவால், அதாவது நகல்தான் போகும். பழைய நிரலைத் தானியங்கிக் கருவியில் மாற்றாமல் கையால் நகலெடுத்து ஒட்டினால், குறிப்பிடாத பாராமீட்டர்கள் எல்லாம் ஓசையின்றி ஒருவழிப் பாதையாகிவிடும். மூல நிரலில் பைவால், பைரெஃப் இரண்டும் எழுதப்படாத பாராமீட்டர்களை முதலில் தேடி, எது விடை கொண்டுவருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள்.

பெயரை மட்டும் வேறு பொருளுக்கு மாற்றியிருக்கலாம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் மிகுதியாக நடப்பது இது. பைத்தான் ஃபங்ஷனுக்குள் பட்டியல் = புதியபட்டியல் என்று எழுதினால் உள்ளூர்ப் பெயர்தான் புதிய பொருளைச் சுட்டும். அழைத்தவரின் பட்டியல் அப்படியே கிடக்கும். பட்டியல்[:] = புதியபட்டியல் என்று எழுதினால் அதே பொருளின் உள்ளடக்கம் மாறும். எண்ணும் சரமும் மாற்ற முடியாத பொருள்கள் என்பதால் அவற்றுக்கு இந்த வழியும் கிடையாது. ஜாவாவின் இன்டீஜர், ஸ்ட்ரிங் இரண்டும் அப்படியே.

இதற்குச் சரியான தீர்வு விடைகளை ரிட்டர்ன் செய்வதுதான். பைத்தானில் டியூப்பிள் (பல மதிப்புகளின் வரிசைத் தொகுப்பு), ஜாவாவில் ரெக்கார்ட் (16-ஆம் பதிப்பிலிருந்து நிலையான வசதி), ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்ட். ஓர் உறுப்பு மட்டுமுள்ள அர்ரேயை அனுப்பி, பூஜ்யமாவது இடத்தில் எழுதச் சொல்லும் குறுக்குவழி ஜாவாவில் வேலை செய்யும். ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். அந்த அர்ரே எதற்கு என்று அடுத்து படிப்பவருக்குப் புரியாது, யாராவது ஒருநாள் புதிய அர்ரேயை அதே பெயரில் வைத்துவிடுவார்கள்.

ரிட்டர்ன் வருகிறது, ஆனால் யாரும் வாங்கவில்லை. ப்ரொசீஜரை டியூப்பிள் தரும் ஃபங்ஷனாக மாற்றிவிட்டு, அழைக்கும் இடங்களில் சிலவற்றை மட்டும் திருத்தினால் மீதி இடங்கள் பழையபடி தனி வரியாக நிற்கும். பைத்தான் இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது. ஃபங்ஷன் பெயரை மாற்றிவிடுவது நல்ல உத்தி. பழைய பெயரில் அழைக்கும் எல்லா இடமும் உடனே உடைந்து கண்ணில் படும். இதைவிட மலிவான சோதனை வேறில்லை.

கோ மொழியில் := குறி. உள் அடைப்புக்குள் = இட வேண்டிய இடத்தில் := இட்டால் அதே பெயரில் புதிய மாறி பிறக்கிறது. அடைப்பு முடிந்ததும் அது மறைந்துவிடும், வெளியே உள்ள மாறி தொடப்படாமல் இருக்கும். பல மதிப்புகளைத் திருப்பும் ஃபங்ஷனை ஒரு நிபந்தனைக் கிளைக்குள் அழைக்கும் இடங்களைப் பாருங்கள்.

### சில நேரம் மாறுகிறது, சில நேரம் மாறவில்லை

ஃபோர்ட்ரான் நிரலை எஃப்2பை என்ற இணைப்புக் கருவி வழியாகப் பைத்தானோடு இணைத்தவர்களுக்கு இது பழக்கமான குழப்பம். பாராமீட்டருக்கு இன்டென்ட் (இன், அவுட் என்ற திசைக் குறிப்பு) எதுவும் எழுதாவிட்டால் எஃப்2பை அதை இன் என்று கொள்ளும். அனுப்பிய நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அர்ரே சரியான வகையிலும் சரியான அடுக்கு முறையிலும் இருந்தால் அதுவே நேராகப் போகும், மாற்றம் வெளியே தெரியும். வகை பொருந்தாவிட்டால் தற்காலிக நகல் போகும், மாற்றம் நகலோடு அழியும். ஒரே நிரல், ஒரு கோப்பில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். விடை தரும் பாராமீட்டருக்கு அவுட் என்றும், படித்து எழுதும் பாராமீட்டருக்கு இன், அவுட் இரண்டையும் சேர்த்தும் வெளிப்படையாக எழுதுங்கள்.

விபி டாட் நெட்டில் ஒரு பிராப்பர்ட்டியை பைரெஃப்பாக அனுப்பலாம். மதிப்பை நகலெடுத்து அனுப்பி, முடிந்தபின் திரும்ப எழுதும். அதே வரியை சி ஷார்ப்புக்குக் கொண்டுவந்தால் சிஎஸ்0206 பிழை வரும். உள்ளூர் மாறியில் வாங்கி, அழைத்து, பிராப்பர்ட்டியில் திரும்ப எழுதும் மூன்று வரிகளாகப் பிரியுங்கள். மூன்றாவது வரியை மறந்தால் மதிப்பு மாறாத அதே அறிகுறிக்கே திரும்பிவிடுவீர்கள்.

### எப்போது ஆளை அழைப்பது

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை, மூல நிரல் பொது மாறிகள் வழியாகவும் விடைகளை எழுதுகிறது என்று கண்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோர்ட்ரானின் காமன் பிளாக், கோபாலில் எக்ஸ்டர்னல் என்று அறிவித்த மாறிகள் போன்றவற்றில் மறைந்திருக்கும் வெளியீடுகளைப் பட்டியலிட அந்த மொழியில் வேலை செய்தவர் வேண்டும். ஊகித்து மாற்றினால் பிழை வேறு ப்ரொசீஜரில் போய் வெளிப்படும்.

## அறிகுறி: முதல் அழைப்பு சரி, அடுத்தடுத்த அழைப்புகளில் கணக்கு பிசகுகிறது

ஏறக்குறைய உறுதியாக, இன்-அவுட் ஒன்றை அவுட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டுத்தொகை, எண்ணிக்கை, கடைசியாகப் படித்த இடம், சீரற்ற எண்களின் விதை ஆகிய நான்கு வகை மாறிகளை முதலில் சந்தேகியுங்கள். காவல் மதிப்புச் சோதனைத் தாளில் மூன்றாவது வகையாக வந்தவை இவையாகத்தான் இருக்கும்.

சி ஷார்ப்புக்கு மாற்றுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவுட் என்று அறிவித்த பாராமீட்டரை எழுதுமுன் படித்தால் கம்பைலர் சிஎஸ்0269 என்று நிறுத்தும். இங்கேதான் பலர் தவறான திருத்தம் செய்கிறார்கள். பிழை போக வேண்டும் என்று ஃபங்ஷனின் முதல் வரியில் பூஜ்யம் இட்டுவிடுகிறார்கள். கம்பைலர் அமைதியாகும், கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிஎஸ்0269 வந்தால் முதலில் ரெஃப் (சி ஷார்ப்பின் இன்-அவுட்) ஆக்கிப் பாருங்கள். எழுதாமல் வெளியேறும் கிளைக்கு வரும் சிஎஸ்0177 பிழைக்கும் இதே மருந்து. அந்தக் கிளையில் பழைய மதிப்பு நிலைக்க வேண்டுமா என்று பழைய நிரலைப் பார்த்த பிறகே பூஜ்யம் இடுங்கள்.

பைத்தானுக்கு மாற்றும்போது இன்-அவுட் பாராமீட்டர் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும்: உள்ளீடாகவும் போக வேண்டும், ரிட்டர்னிலும் வர வேண்டும். மொத்தம், எண் = சேர்(மொத்தம், எண், புதியது) என்ற வடிவம். வலப்புறத்தில் மொத்தத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை.

ஃபோர்ட்ரானுக்கு உள்ளே மாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இன்டென்ட் அவுட் என்று அறிவித்தால், நுழையும்போது அந்த மாறியின் மதிப்பு வரையறுக்கப்படாதது. எளிய எண்ணாக இருந்தால் பழைய மதிப்பு தற்செயலாக அங்கேயே இருந்து சோதனையில் தேறிவிடலாம். அலோகேட்டபிள் (ஓடும்போது இடம் ஒதுக்கும்) அர்ரேயாக இருந்தால் நுழைந்தவுடன் தானாகவே விடுவிக்கப்படும், உள்ளே இருந்த தரவு போய்விடும். சிறிய சோதனையில் சரி, அர்ரே வந்தால் தவறு என்றால் இன்டென்ட் இன்அவுட் என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: எண்கள் சரி, ஆனால் இடம் மாறி வருகின்றன

டியூப்பிளில் வரிசைதான் அடையாளம். ஈவும் மீதியும் திரும்ப வேண்டிய இடத்தில் மீதியும் ஈவும் திரும்பினால் இரண்டும் முழு எண்கள் என்பதால் எந்த வகைச் சோதனையும் பிடிக்காது. 17-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 3, மீதி 2 என்று வேறுபட்டு வரும். 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1, 2. ஆனால் 12-ஐ 5-ஆல் வகுத்தால் இரண்டுமே 2 என்பதால் பிழை மறைந்துவிடும். ஒவ்வொரு வெளியீடும் மற்றதிலிருந்து வேறுபடும் உள்ளீடுகளையே சோதனைக்குத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றுக்கு மேல் விடைகள் இருந்தால் பெயருள்ள வடிவம்தான் பாதுகாப்பு: பைத்தானில் டேட்டாகிளாஸ், சி ஷார்ப்பில் பெயரிட்ட டியூப்பிள் அல்லது ரெக்கார்ட். ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்டாகத் திருப்பும்போது சாவியின் எழுத்து ஒன்று பிசகினாலும் அன்டிஃபைன்ட் வரும், பிழை வராது. வாங்கும் இடத்தில் உடனே சோதியுங்கள்.

எஃப்2பை பாராமீட்டர் வரிசையையே மாற்றும் என்பதையும் மறக்காதீர்கள். அவுட் பாராமீட்டர்கள் ரிட்டர்னுக்குப் போய்விடும். அர்ரேயின் நீளத்தைச் சொல்லும் பாராமீட்டரை அர்ரேயிலிருந்தே கணக்கிட முடிந்தால் அது விருப்பத் தேர்வாகிக் கடைசிக்குத் தள்ளப்படும். ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கை அச்சிட்டால் உண்மையான வரிசை தெரியும். ஃபோர்ட்ரான் மூலத்தைப் பார்த்து அழைப்பு எழுதாதீர்கள்.

எல்லா விடையும் ஒன்று கூடவோ குறையவோ வந்தால் அது இடம் மாற்றம் அல்ல, எண்ணும் தொடக்கம். மேட்லேப், ஃபோர்ட்ரான், பாஸ்கல் சரங்கள் 1-இலிருந்து எண்ணுகின்றன. பைத்தானும் சியும் 0-இலிருந்து. ஓர் அவுட் பாராமீட்டர் ‘எந்த இடத்தில் கிடைத்தது’ என்று சொல்வதாக இருந்தால், கிடைக்கவில்லை என்பதற்கு மூல மொழி தரும் மதிப்பையும் பாருங்கள். பாஸ்கலின் பாஸ் கிடைக்காவிட்டால் 0 தரும். 0-இலிருந்து எண்ணும் மொழியில் 0 என்பது முதல் இடம். பைத்தானின் ஃபைண்ட் −1 தரும். ஒன்றைக் கழித்தால் போதும் என்று எல்லா இடத்திலும் கழித்தால் இந்த ஒரு மதிப்பு பலருக்குத் தற்செயலாகச் சரியாகவே அமையும். சிலர் நிபந்தனையில் இன்னும் 0-உடன் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், முதல் இடத்தில் கிடைத்தவை மட்டும் தொலைந்துபோகும்.

## அறிகுறி: ஒரே மாறியை உள்ளீடாகவும் விடையாகவும் கொடுத்தால் மட்டும் தவறு

இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஏனெனில் ப்ரொசீஜரைத் தனியே சோதித்தால் எப்போதும் சரியாகவே இருக்கும். இரண்டு கலப்பெண்களைப் பெருக்கும் ப்ரொசீஜரை எடுத்துக்கொள்வோம். அமெ, அக என்பவை முதல் எண்ணின் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும். பமெ, பக இரண்டாவதன் பகுதிகள்.

விமெ = அமெ × பமெ − அக × பக
விக = அமெ × பக + அக × பமெ

முதல் எண் 1, 2. இரண்டாவது 3, 4. விடை −5, 10 வர வேண்டும். பாஸ்கலில் உள்ளீடுகள் மதிப்பாகவும் விடைகள் வார் பாராமீட்டராகவும் இருந்தால், விடையை முதல் எண்ணின் மாறிகளிலேயே வாங்கினாலும் −5, 10 தான். உள்ளீடுகள் நகலாகப் போயிருக்கின்றன. இதையே சியில் எல்லாவற்றையும் பாயின்டராக அனுப்பும்படி மாற்றுங்கள். முதல் வரி ஓடியதும் அமெ −5 ஆகிவிடும். இரண்டாவது வரி −5 × 4 + 2 × 3 என்று −14 தரும். மெய்ப்பகுதி சரி, கற்பனைப்பகுதி தவறு. இந்தப் பாதி சரி, பாதி தவறு என்ற தோற்றம்தான் இந்தக் கோளாறின் கைரேகை.

எளிய திருத்தம்: விடைகளை உள்ளூர் மாறிகளில் கணக்கிட்டு, ப்ரொசீஜரின் கடைசி வரிகளில் மட்டும் வெளி மாறிகளுக்கு எழுதுங்கள். பல விடைகள் உள்ள எந்த ப்ரொசீஜருக்கும் இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆகும் கூடுதல் செலவு சில மாறிகள்.

அர்ரேயாக இருந்தால் நகலெடுப்பது செலவு கூடியது. பெருக்கிய அணியை உள்ளீட்டு அணியிலேயே எழுதும் அழைப்புகளை மட்டும் தேடி, அங்கே தனி அணி கொடுங்கள். மேட்லேபிலிருந்து நம்பைக்கு வருபவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது: நம்பையில் அர்ரேயின் ஒரு துண்டு தனி நகல் அல்ல, அதே நினைவகத்தின் மீது ஒரு பார்வை. பெயர் வேறாக இருந்தாலும் நினைவகம் ஒன்றாக இருக்கலாம். ஷேர்ஸ் மெமரி என்ற நம்பை ஃபங்ஷன் அதைச் சொல்லிவிடும்.

டெல்ஃபி சரங்கள்: அவுட் என்று அறிவித்த சரமோ இன்டர்ஃபேஸோ ப்ரொசீஜருக்குள் நுழையும் முன்பே காலியாக்கப்படும். அதே சரத்தை கான்ஸ்ட் உள்ளீடாகவும் கொடுத்தால் உள்ளீடும் சேர்ந்து அழிந்துபோகலாம். வார் என்று மாற்றினால் காலியாக்கம் நிற்கும், ஆனால் மேலே சொன்ன மேலெழுதல் ஆபத்து அப்படியே இருக்கும்.

ஃபோர்ட்ரான்: எழுதப்படும் பாராமீட்டர் இன்னொன்றோடு ஒன்றிப்போகக் கூடாது என்பது மொழியின் விதி. கம்பைலர் அதை நம்பித்தான் நிரலை மேம்படுத்துகிறது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறையும் இரண்டாம் நிலை ஆப்டிமைசேஷனோடு ஒருமுறையும் கம்பைல் செய்யுங்கள். விடை வேறுபட்டால் இந்தக் காரணத்தை முதலில் பாருங்கள்.

ரஸ்ட் மொழிக்கு மாற்றினால் இந்த அறிகுறி வராது. இ0499 அல்லது இ0502 என்று கம்பைலரே மறுக்கும். அந்த மறுப்பை எரிச்சலாகப் பார்க்காதீர்கள். பழைய நிரலில் மாறிகள் எங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன என்பதற்கான இலவச வரைபடம் அது.

ஒரே மாறியை இரண்டு அவுட்களுக்கும் கொடுத்திருந்தால், எது கடைசியில் எழுதப்படும் என்பதை அடா வரையறுக்கவில்லை. பழைய நிரலின் விடையே கம்பைலரைப் பொறுத்தது என்று பொருள். எந்த விடை சரி என்பதை நிரலைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்தக் கணக்கின் பொருள் அறிந்த துறை ஆளிடம் கேளுங்கள்.

## அறிகுறி: பிழை நேர்ந்த பிறகு மாறிகளில் வேறு மதிப்பு

பிஎல்/எஸ்கியூஎல்லில் அவுட், இன்-அவுட் இரண்டும் முன்னிருப்பாக நகலெடுத்து வேலை செய்கின்றன. ப்ரொசீஜர் ஒழுங்காக முடிந்தால்தான் விடைகள் திரும்ப எழுதப்படும். கையாளப்படாத எக்ஸப்ஷனோடு (ஓட்டத்தை முறிக்கும் பிழை) வெளியேறினால் அழைத்தவரின் மாறிகள் பழைய மதிப்போடு இருக்கும். நோகாப்பி என்ற குறிப்பு இட்டிருந்தால் இந்த உறுதி இல்லை.

இதை சி ஷார்ப்பில் ரெஃப் ஆக்கினால் எழுதும் ஒவ்வொரு மதிப்பும் உடனுக்குடன் அழைத்தவரின் மாறியில் விழும். பாதி வழியில் எக்ஸப்ஷன் வந்தால் பாதி மாறிய நிலை வெளியே தெரியும். அதைப் பிடித்துவிட்டுத் தொடரும் நிரல் அரைகுறைத் தரவோடு தொடரும். திருத்தம் முந்தைய அறிகுறிக்குச் சொன்னதேதான்: உள்ளூரில் கணக்கிட்டுக் கடைசியில் எழுதுங்கள்.

எதிர்த்திசையில் கோளாறு வேறு. தோல்வியுற்றாலும் பிழைக் குறியீட்டை அவுட் பாராமீட்டரில் எழுதிவிட்டு எக்ஸப்ஷன் எழுப்பும் ப்ரொசீஜரை பிஎல்/எஸ்கியூஎல்லுக்குக் கொண்டுசென்றால் அந்தக் குறியீடு வந்து சேராது. குறியீட்டை எக்ஸப்ஷனுக்குள்ளேயே வையுங்கள், அல்லது எக்ஸப்ஷன் எழுப்பாமல் குறியீட்டை மட்டும் திருப்புங்கள்.

சரத்தை எண்ணாகப் படிக்கும் சி ஷார்ப்பின் ட்ரைபார்ஸ் வகை ஃபங்ஷன்களில் தோல்வியின்போது அவுட் மாறி 0 ஆகும், பழைய மதிப்பு நிற்காது. ‘எண் படிக்க முடியாவிட்டால் முன்னிருப்பே இருக்கட்டும்’ என்று எழுதப்பட்ட பழைய நிரலை இதற்கு மாற்றினால் முன்னிருப்பு ஓசையின்றி 0 ஆகிவிடும். தனி மாறியில் வாங்கி, வெற்றி என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம், மருந்தளவு, இயந்திரக் கட்டுப்பாடு சார்ந்த நிரலில் இந்த அறிகுறி தெரிந்தால், திருத்திய பிறகும் தனியாகப் பயன்பாட்டுக்கு விடாதீர்கள். பிழைக் கிளைகளைத் தனியே சோதிக்கும் ஒருவரின் ஒப்புதல் வேண்டும்.

## அறிகுறி: டேட்டாபேஸ் ப்ரொசீஜர் வரிசைகளைத் தருகிறது, அவுட் மட்டும் காலி

படிக்கும் நேரம் தவறு. ஏடிஓ டாட் நெட்டில் (டாட் நெட்டின் டேட்டாபேஸ் இணைப்பு) டேட்டாரீடரை மூடிய பிறகுதான் அவுட்புட் பாராமீட்டருக்கு மதிப்பு வரும். ஜேடிபிசியிலும் (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு) ரிசல்ட் செட்டுகளையும் அப்டேட் எண்ணிக்கைகளையும் படித்து முடித்துவிட்டு அவுட்டைக் கேளுங்கள். டி-எஸ்கியூஎல் ப்ரொசீஜரின் தொடக்கத்தில் நோகவுண்ட் ஆன் இட்டால் தேவையற்ற எண்ணிக்கைகள் குறுக்கே வராது.

அளவு தரவில்லை. ஏடிஓ டாட் நெட்டில் சர அவுட்புட் பாராமீட்டருக்கு சைஸ் தர வேண்டும். தராவிட்டால் அளவு 0 செல்லாது என்று பிழை வரும். வரையறையில் உள்ள நீளத்தையே கொடுங்கள், குறைத்தால் சரம் வெட்டுப்படும்.

நல் 0-ஆகத் தெரிகிறது. ஜேடிபிசியின் கெட்இன்ட் நல் மதிப்புக்கு 0 தரும். அடுத்த வரியில் வாஸ்நல் கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

பைத்தானின் கால்ப்ராக் நீங்கள் கொடுத்த பட்டியலை மாற்றாது. விடைகள் நிரப்பிய புதிய நகலைத் திருப்பும். திரும்புவதை வாங்குங்கள்.

ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ். இங்கே வேலை கூடுதல். போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனில் அவுட் பாராமீட்டர்கள் சேர்ந்துதான் ரிட்டர்ன் வகையாகின்றன. அழைக்கும்போது அவற்றைக் கொடுக்கக் கூடாது, செலக்ட் இன்டூ மூலம் வாங்க வேண்டும். ஆரக்கிள் ஃபங்ஷன் ஒரு மதிப்பை ரிட்டர்னும் செய்து அவுட்டும் வைத்திருந்தால் அப்படியே மாற்ற முடியாது. ரிட்டர்ன் மதிப்பையும் இன்னோர் அவுட் ஆக்குங்கள். ப்ரொசீஜர்களுக்கு 14-ஆம் பதிப்பிலிருந்து அவுட் உண்டு. அதற்கு முன் இன்அவுட் மட்டுமே. நேரடி கால் கட்டளையில் அவுட் இடத்தில் நல் எழுதி இடம் நிரப்ப வேண்டும். ஒரே பெயரில் அவுட் மட்டும் வேறுபடும் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, பெயரை மாற்றுங்கள். இப்படிப்பட்ட பெயர்மோதல்கள் பல பேக்கேஜ்களில் பரவியிருந்தால் இரண்டு டேட்டாபேஸையும் அறிந்த டேட்டாபேஸ் நிர்வாகியிடம் கொடுத்துவிடுவதே சிக்கனம்.

## அறிகுறி: குப்பை எண், அல்லது செயலி விழுந்துவிடுகிறது

நிரலை மாற்றாமல் பழைய லைப்ரரியை வேறு மொழியிலிருந்து அழைப்பவர்களுக்கு வருவது. வரிசையாகப் பாருங்கள்.

எண் வகையின் அகலம் முதலில். சியின் லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. வழக்கமான ஃபோர்ட்ரான் இன்டீஜர் 4. லைப்ரரி 8 பைட் எழுதும் இடத்தில் 4 பைட் மாறியைக் கொடுத்தால் பக்கத்து மாறி அழியும், கோளாறு சம்பந்தமில்லாத இடத்தில் தெரியும். விண்டோஸின் பூல் 4 பைட், சியின் பூல் பொதுவாக 1.

அடுத்து, பைத்தானிலிருந்து சி லைப்ரரியை அழைக்கும் சிடைப்ஸில் ரிட்டர்ன் வகையைச் சொல்லாவிட்டால் அது சியின் இன்ட் என்று கொள்ளப்படும். 64 பிட்டில் திரும்பும் பாயின்டர் பாதியாக வெட்டுப்படும். ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் இரண்டையும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எழுதுங்கள். அவுட் மாறியை பைரெஃப் கொண்டு அனுப்பி, வேல்யூ என்ற பண்பில் படியுங்கள்.

சரம் திரும்ப வேண்டுமானால் இடத்தை அழைப்பவரே ஒதுக்க வேண்டும். சி ஷார்ப்பில் சாதாரண ஸ்ட்ரிங் இதற்கு ஆகாது. கொள்ளளவு குறிப்பிட்ட ஸ்ட்ரிங்பில்டர் அல்லது எழுத்து அர்ரே கொடுங்கள். ஃபோர்ட்ரான் சரங்களுக்கு மறைவான நீளப் பாராமீட்டர் ஒன்று பட்டியலின் கடைசியில் உண்டு. ஜிசிசி கம்பைலரின் 8-ஆம் பதிப்பு முதல் அதன் வகை சைஸ்_டி, முன்பு இன்ட். கம்பைலர் பதிப்பை உயர்த்தியவுடன் செயலி விழத் தொடங்கினால் இதைப் பாருங்கள். ஃபோர்ட்ரான் 2003-இன் பைண்ட் சி வசதியைக் கொண்டு இடையே ஒரு சிறு உறை எழுதினால் இந்த ஊகங்கள் எல்லாம் ஒழியும்.

இதன் பிறகும் விழுந்தால் ஆட்ரஸ் சானிடைசர் அல்லது வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் கீழ் ஓட்டி, எழுதப்பட்ட முதல் தவறான முகவரியைப் பிடியுங்கள். அந்த அறிக்கை லைப்ரரியின் உள்ளே சுட்டினால், மூலக் குறியீடு உங்களிடம் இல்லையென்றால், அதைப் பராமரிப்பவரிடம் அறிக்கையோடு செல்ல வேண்டியதுதான்.

## அறிகுறி: சி ஷார்ப் கம்பைலரே ஏற்கவில்லை

அசிங்க் மெத்தடில் (இடையே காத்திருந்து பிறகு முடியும் ஃபங்ஷன்) ரெஃப், அவுட் இரண்டுக்கும் இடமில்லை (சிஎஸ்1988). டியூப்பிளைத் திருப்புங்கள். லாம்ப்டாவுக்குள் (பெயரில்லாத உள் ஃபங்ஷன்) அவுட் பாராமீட்டரைப் பயன்படுத்தினால் சிஎஸ்1628. உள்ளூர் மாறியில் நகலெடுத்து லாம்ப்டாவுக்குக் கொடுத்து, அது முடிந்தபின் அவுட்டில் எழுதுங்கள். லாம்ப்டா பிறகு வேறொரு நேரத்தில் ஓடுவதாக இருந்தால் அந்த விடை அவுட் பாராமீட்டருக்கு உரியதே அல்ல. அழைத்தவர் அதற்குள் போயிருப்பார். அங்கே டாஸ்க் அல்லது கால்பேக்குக்கு ஏற்ப ப்ரொசீஜரின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.